களக்காட்டிலிருந்து மகளுக்கு

அன்பு மகள் இசக்கியம்மாளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது. மாமாவின் ஏத்தன் வாழையில் மறுபடியும் பன்றி இறங்கியது. இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கச் சொன்னால், வருகிற பணம் அலைச்சலுக்கே காணாது என்கிறார். சாய்ந்த வாழையை யாரும் எண்ணிவிடலாம், மனுவே கொடுக்காதவர் ஏன் கொடுக்கவில்லை என்பதை உட்கார்ந்து பேசினால்தான் அறிய முடியும் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். "அவளையே வந்து கேக்கச் சொல்லுங்க அத்தான்" என்றார்.

காட்டோரத்து மக்களைப் பற்றிய உன் ஆய்வுத் திட்டம் பங்குனியோடு முடிவதாக எழுதியிருந்தாய், இப்போது ஆனி. நான் அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. நிதி இருக்கும் வரைதான் இந்த வேலை என்பது எனக்குத் தெரியும். உலக வங்கி உதவியோடு 1990களில் இங்கு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, விறகுக்குக் காட்டுக்குள் போவதைக் குறைக்க ஊர்தோறும் கிராம வனக் குழு அமைத்தார்கள். பணம் நின்ற பிறகு நம் தெருவில் கூட்டமும் நின்றது. ஏன் நின்றது என்று எங்களிடம் கேட்க ஒருவரும் வரவில்லை.

விலங்குகளை விட்டு மக்களைப் படிக்கும் உன்னைப் போன்றவர்களை, காட்டு ஆய்வின் கடைசியில், ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் அழைப்பார்கள். கேள்வியை வகுக்கும்போதே நீ அங்கு இருக்க வேண்டும். கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுப்பவளாக மட்டும் நின்றுவிடாதே. உன் பெயரில் எழுது. புள்ளியியலையும் விடாதே, விலங்கியல் படித்தவர்கள் அதைக் கொண்டுதான் உன்னை எடைபோடுவார்கள். இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரரின் குடியிருப்புகளும் சொரிமுத்து அய்யனார் கோயிலும், களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமான 1988க்கு வெகுகாலம் முன்பே இருப்பவை. அந்தக் கோயிலின் ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில், இன்ன குடும்பம் இன்ன நேர்த்திக்காகக் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குகிறது என்று அறிந்தவரும் இருக்க வேண்டாமா? 2024இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடப்பட்டு, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் மலையிறங்க நேர்ந்தபோது, காட்டுக்கு நல்லது என்று ஒரு பேச்சும் மக்களுக்கு அநியாயம் என்று ஒரு பேச்சும் எழுந்தன. இரண்டையும் ஒரே தாளில் எழுதத் தெரிந்தவர்களை நான் அதிகம் காணவில்லை.

"உங்க மக புலி எண்ணுதாளா?" என்று கேட்பவர்களிடம், பொதுவளத்தை மக்களே கட்டிக்காப்பதை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் படித்தது அரசியலறிவியல் என்று சொல்லிவருகிறேன். பாதிப் பேருக்கு அது விளங்குவதில்லை. எனக்குப் பெருமைதான். ஆனால் நூலகத்தில் ஊராரிடம் இவ்வளவு பேசுகிற எனக்கு, நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதை உன் சிநேகிதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்க வேண்டாம்.

நிரந்தர வேலை இல்லாதது குறையன்று. இடையில் கிடைக்கிற மாதங்களில் பழைய களக்குறிப்புகளைக் கட்டுரையாக்கு. அடுத்த இடத்தில் உனக்காகப் பேசுவது அதுதான். திரும்பவும் சொல்கிறேன், உன் பெயரில் எழுது.

உன் அம்மா வேறொன்றும் கேட்கச் சொன்னாள், அதை நான் எழுதவில்லை. பணம் அனுப்பட்டுமா என்பதும் அவள் கேட்பதுதான். பழைய வங்கிக் கணக்கு அப்படியே இருக்கிறதா என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அப்பா