22 அடி தள்ளி ஒரு சுவர்

அன்புள்ள மணி,

இங்கே எல்லோரும் சுகம். கமலாவுக்கு முட்டிவலி, எனக்கு வாய் நீளம், இரண்டிலும் மாற்றமில்லை. மற்றதெல்லாம் உன் தங்கை சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

முப்பட்டகம் ஒன்று வாங்கியிருக்கிறேன், வெயிலை நிறம் நிறமாகப் பிரிக்கிற அந்த முக்கோணக் கண்ணாடிதான். சிரிக்காதே. நம் பள்ளிக்கூடத்தில் அது பீரோவுக்குள் சாமி மாதிரி உட்கார்ந்திருந்ததே, ஒருத்தரையும் தொட விட்டார்களா? ஊதாவிலிருந்து சிவப்பு வரை நிறங்களின் வரிசை, அந்த விப்ஜியார் மட்டும் மனப்பாடம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நியூட்டன் 1672இல் லண்டன் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றி எழுதியதும் கடிதம்தான். நிறத்தை அவரும் ரசித்தார், ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது வடிவம். இருட்டறை, ஜன்னல் கதவில் கால் அங்குல ஓட்டை, முப்பட்டகம், 22 அடி தள்ளிச் சுவர். ஓட்டையும் வட்டம், சூரியனும் வட்டம். சுவரில் விழுந்ததோ 13¼ அங்குல நீளம், 2⅝ அங்குல அகலம். அகலம் கணக்குப்படி சரி. நீளம் ஏன் ஐந்து மடங்கு? மனிதர் விடவில்லை. ஓட்டையை மாற்றினார், கண்ணாடியின் தடிமனை மாற்றினார், இன்னொரு முப்பட்டகத்தைத் தலைகீழாக வைத்தார். நீளம் போய் வட்டம் திரும்பி வந்துவிட்டது! கடைசியில் ஒரே நிறத்தை மட்டும் பலகைத் துளை வழியாக இரண்டாவது முப்பட்டகத்துக்குள் விட்டார். சிவப்பு சிவப்பாகவே வந்தது. நீலம் நீலமாகவே வந்தது, ஆனால் சிவப்பைவிட அதிகம் வளைந்து. கண்ணாடிதான் சாயம் பூசுகிறது என்ற பேச்சு அதோடு ஓய்ந்திருக்க வேண்டும். எங்கே! ராபர்ட் ஹூக் என்ற இன்னொரு விஞ்ஞானி மல்லுக்கு நின்றார். நம் சேதுவுக்கு அண்ணன் போல.

ஒளி கண்ணாடிக்குள் எத்தனை மடங்கு வேகம் குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்; சாதாரணக் கண்ணாடியில் அது சிவப்புக்கு சுமார் 1.51, ஊதாவுக்கு 1.53. வித்தியாசம் அவ்வளவே. உள்ளே ஊதா கொஞ்சம் கூடுதலாக வேகம் குறைகிறது, அதனால் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. அந்த இத்தனூண்டு கோணம் விரிவதற்குத் தூரம் வேண்டும். சுவரை ஒட்டிப் பிடித்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நடுவில் வெள்ளை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விழ வைத்தேன். கமலா காலண்டரைக் கழற்றிக்கொண்டே, "சுவரில் கறை படியாதே?" என்றாள்.

சரி, இனி விளையாட்டில்லை. கண் ஆபரேஷனுக்கு முந்தின நாள் போனில் உன் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை. பயந்திருந்தாய். அதற்கப்புறம் நீயும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

வயதாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளித்து, நீலத்தையும் ஊதாவையும் கொஞ்சம் மறித்துவிடுமாம். உனக்கு அதை எடுத்துவிட்டார்கள், எனக்குப் பழசேதான். எனக்கு ஊதா முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அதற்கப்பாலும் உனக்குத் தெரியும் என்பது என் ஊகம். காலையில்தான் வெயில் கூடத்துக்குள் வரும், அதனால் முந்தின ராத்திரியே வந்துவிடு. சொட்டு மருந்தை மறக்காமல் எடுத்து வா.

உன்,
ராகவன்