ஏற்கெனவே நடப்பவர்களை முதலில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்தில் இருக்கும் இடங்களுக்கு மக்கள் நடந்தோ சைக்கிளிலோ போகப் பழக வேண்டும், அதற்கு அரசு திட்டம் போடுகிறது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி வைத்திருப்பவரை எப்படிக் கீழே இறக்குவது என்பதைத்தான் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் யோசிக்கின்றன. தினமும் நடந்தே பஸ் பிடிக்கப் போகிறவர், புத்தகப் பையோடு பள்ளிக்கு நடக்கும் பிள்ளை, பழைய சைக்கிளின் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர், இவர்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடைப்பதே அபூர்வம். நடையின் நன்மையை யாரும் இவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் படும் பாட்டைக் குறைத்தால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று நினைக்கிறேன்.

கோளாறு கணக்கெடுப்பிலேயே ஆரம்பிக்கிறது. ஒரு சாலையை அகலப்படுத்தும் முன் அதில் எவ்வளவு போக்குவரத்து என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் கார்தான் அளவுகோல். பஸ்ஸும் லாரியும் சில கார்களுக்குச் சமம், சைக்கிள் ஒரு காரில் சிறு பங்கு. நடப்பவருக்கு அதில் மதிப்பே கிடையாது. ஆயிரம் பேர் நடந்து போகும் தெருவும் அந்தத் தாளில் வெறிச்சோடித்தான் கிடக்கும்! அப்புறம் அந்தத் தாளை வைத்துக்கொண்டே சாலையை அகலமாக்க நடைபாதையை வெட்டுகிறார்கள்.

சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு நேரம் ஒதுக்குவது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில்கூட 2009-இல்தான் அந்த வேகத்தைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். 18 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 15 விநாடியில் கடந்துவிடுவார். முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் பாட்டிக்கு 22 விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஏழு விநாடியும் அவர் நடுச்சாலையில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் அந்தப் பச்சை விளக்குக்காக அவர் முதலில் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை யாரும் அளப்பதே இல்லை. இதைச் சரிசெய்ய சிமெண்டு வேண்டாம், டெண்டர் வேண்டாம், நேரத்தை மாற்றி வைத்தாலே போதும்.

நடைபாதை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு கேட்டுக்கும் கார் ஏற வசதியாக அது தாழ்கிறது, மறுபடி உயர்கிறது, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதைத் தாண்டினால் நிறுத்தி வைத்த இருசக்கர வாகனங்கள், சந்து வந்ததும் நடைபாதை அப்படியே முடிந்து ஓரடி உயரத்திலிருந்து கீழே இறங்கச் சொல்கிறது. இப்படி ஏறி இறங்குவதை விட சாலையோரமாகவே போய்விடலாம் என்று ஜனங்கள் இறங்கி நடக்கிறார்கள். உடனே அவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று திட்டு விழுகிறது. நெதர்லாந்தில் பல இடங்களில் சிறு தெரு பெரிய சாலையோடு சேரும் இடத்திலும் நடைபாதை அதே உயரத்தில் தொடர்ந்து போகும். வண்டிதான் மெதுவாக ஏறி இறங்கிப் போக வேண்டும். யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதை அங்கே கல்லும் சிமெண்டுமே சொல்லிவிடுகின்றன, போர்டு தேவைப்படுவதில்லை.

நடை மேம்பாலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தரை மீட்டர் உயரம் என்றால் ஏற முப்பத்தைந்து படிகளுக்கு மேல், இறங்கவும் அத்தனை. பாதசாரிக்கு வசதி என்று அதைத் திறந்து வைக்கிறார்கள். உண்மையில் வசதி கீழே நிற்காமல் ஓடும் வண்டிகளுக்குத்தான்.

சைக்கிளுக்கு வருகிறேன். சாலையோரம் பச்சை பெயிண்ட் அடித்து ஒரு கிலோமீட்டர் பாதை, அதைத் தொடங்கி வைக்கத் தலைவர்கள் சைக்கிளில் வரும் புகைப்படம், மறுவாரம் அந்தப் பெயிண்ட் மேலேயே கார் பார்க்கிங். கூட்டுச்சாலை வந்ததும் பாதை மாயமாகிவிடும், ஆபத்து அதிகமான இடமும் அதுதான். ஸ்பெயினின் செவில் நகரம் இப்படித் துண்டு துண்டாகப் போடவில்லை. 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள், வண்டிகளிடமிருந்து பிரிக்கப்பட்ட சுமார் 80 கிலோமீட்டர் பாதையை, ஒன்றோடொன்று இணையும்படி, ஏறக்குறைய ஒரே மூச்சில் போட்டார்கள். அதுவரை சைக்கிளே அரிதாகத் தென்பட்ட ஊரில் சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை பாதை அறுபடாமல் இருந்தால்தான் தாய் பிள்ளையைத் தனியாக அனுப்புவாள். நடுவில் நூறு மீட்டர் லாரிகளோடு ஓட்ட வேண்டும் என்றால் மீதிப் பாதை எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-லிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை மூடி மக்களுக்கு விடுகிறார்கள், இன்று அது 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. நம் திட்டக்காரர்கள் அதில் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பிடித்துக்கொண்டு, டீ-சர்ட் கொடுத்து, பாட்டுப் போட்டு, விழா முடிந்ததும் கலைந்துவிடுகிறார்களே, வருத்தம் அதில்தான். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அதே சாலையில் நிலைமை என்ன?

வேகத்தைத் தொடாமல் போடும் எந்தத் திட்டமும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2021-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர், அதில் 23 சதவீதம் பாதசாரிகள். நடப்பவரும் சைக்கிள்காரரும் வாகனங்களோடு கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் சாலைப் பாதுகாப்புக்காகச் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் கூடிய பல நாட்டு அமைச்சர்கள் மாநாடு அறிவித்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் தவிர மற்ற தெருக்களில் இதைக் கொண்டு வந்துவிட்டது.

அங்கெல்லாம் ஜனங்கள் வேறு மாதிரி, இங்கே எடுபடாது என்று சிலர் சொல்வார்கள். நெதர்லாந்தும் பிறவியிலேயே இப்படி இருந்துவிடவில்லை. அங்கேயும் காருக்காகத் தெருக்களை அகலப்படுத்தினார்கள். 1971-இல் மட்டும் சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள், 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது, அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது. இன்று அங்கே நான்கில் ஒரு பயணத்துக்கும் மேல் சைக்கிளில்தான் நடக்கிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு திட்டம் பற்றி யாராவது பேட்டி கொடுத்தால் எத்தனை கோடி என்பதோடு இன்னும் இரண்டு கேள்வியையும் உங்கள் நிருபர் கேட்கட்டும். திட்டம் வரும் சாலையில் இப்போது ஒரு நாளைக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள், அவர்கள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்? வேலை முடிந்த ஒரு வருடம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் நடக்கும் ஒரு வாசகி