பிணவறையில் குழாயைத் திறக்கும் முன்

தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கும், சந்தேக மரண வழக்குகளை விசாரிக்கும் காவல் ஆய்வாளர்களுக்கும், பிரேதப் பரிசோதனை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். அழுகிய உடல் பிணவறைக்கு வந்ததும், கழுவுவதற்கு முன்னால் அதிலுள்ள புழுக்களில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இறந்து இரண்டு மூன்று நாளாகிவிட்டால் உடல் சூட்டையும் விறைப்பையும் வைத்து நேரம் சொல்ல முடியாது. அப்புறம் கணக்குச் சொல்வது, உடலில் ஈ இட்ட முட்டையிலிருந்து வந்த புழுவின் வயது. 1935-இல் ஸ்காட்லாந்தின் மோஃபாட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. கண்டெடுத்த நாள் செப்டம்பர் 29. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் மெர்ன்ஸ் புழுக்களைப் பார்த்து, வயது 12 முதல் 14 நாள் என்றார். பின்னர் இந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் பக் ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமல் போனது செப்டம்பர் நடுவில், கணக்கு பொருந்தியது.

புழு இல்லாததும் சாட்சிதான். 2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் ஒருவர் கொல்லப்பட்டு, இரவு பத்து மணி வாக்கில் குப்பைத் தொட்டி அருகே கிடந்தார். கிர்ஸ்டின் லொபாட்டோ என்ற பெண் சிறைக்குப் போனார். உடலில் ஈ முட்டையே இல்லை, பகலில் இறந்திருந்தால் அந்தக் கோடையில் ஈக்கள் விட்டிருக்காது, ஆகவே மரணம் பொழுது சாய்ந்த பிறகுதான் என்று பூச்சியியலாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்த நேரத்தில் லொபாட்டோ வெகு தொலைவிலுள்ள வேறொரு ஊரில் இருந்தார். 2017-இல் அவர் தண்டனை ரத்தானது. உடலில் ஒரு முட்டைகூட இல்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு யாரோ கவனமாகப் புகைப்படம் எடுத்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

நம் ஊரில் பிணத்தை மொய்க்கும் கிரைசோமையா ஈக்களின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். 27, 28 டிகிரியில் சுமார் பத்து நாளில் ஈயாகப் பறக்கும். ஊட்டிக் குளிரில் இதே வளர்ச்சி மெதுவாகும். ஐரோப்பிய அட்டவணையை அப்படியே எடுத்து மதுரை வெயிலுக்குப் போட்டால் தப்பான விடைதான் வரும். நம் கல்லூரி விலங்கியல் துறைகளைக் கொண்டு ஊர்வாரியாக வளர்ச்சிக் கணக்கு தயாரிக்கலாமே.

எடுக்கும் முறை எளிது. இருப்பதிலேயே பெரிய புழுக்கள் விட்டுப்போகக் கூடாது, அவைதான் மூத்தவை. பாதியைச் சுடுநீரில் போட்டுக் கொன்று எத்தனாலில் வையுங்கள். உயிரோடு நேராக எத்தனாலில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும். மீதியை ஈரல் துண்டோடு உயிருடன் அனுப்புங்கள், ஈயாக வளர்ந்தால் இனம் தெரியும். உடலுக்கடியில் உள்ள மண்ணில் கூட்டுப்புழு இருக்கும், அதையும் கிளறிப் பாருங்கள். சம்பவ இடத்து வெப்பநிலையைக் குறிக்காவிட்டால் இவ்வளவும் வீண்.

புழு சொல்வது குறைந்தபட்சக் காலம் மட்டுமே. போர்வையில் சுற்றிய உடலுக்கும் பூட்டிய வீட்டுக்கும் ஈ தாமதமாகவே வரும். பூச்சிமருந்து குடித்தவர்களின் உடலிலும் கணக்கு பிசகும். நம் மாநிலத்தில் இதை மறக்கவே கூடாது.

புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அவர் பையில் மூடி போட்ட இரண்டு குப்பிகளும் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்