ஃப்ரெஸ்ஸோன் அவர்களுக்கு ஒரு கோரிக்கை

மதிப்பிற்குரிய தியோடோர்-ஆன்றி ஃப்ரெஸ்ஸோன் அவர்களுக்கு,

1899இல் பிரெஞ்சுப் புகைப்படச் சங்கத்தின் முன் புகைப்படங்களைக் கரி போன்ற நிறமியால் காகிதத்தில் அச்சிடும் உங்கள் முறையை, அதாவது கரி அச்சுமுறையை, வைத்தீர்கள். அதற்கான காகிதத்தை எப்படித் தயாரித்தீர்கள் என்பதை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அடிப்படை வேதியியல் உங்களுக்கு முன்பே ஊரறிந்த விஷயம். ஜெலட்டின் என்ற பசைப்பொருளில் நிறமியும், டைக்ரோமேட் என்ற ஒளியுணர் உப்பும் கலந்து பூசினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரையும். பிரெஞ்சு வேதியியலாளர் புவத்வேன் 1855லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிக்கல் என்னவென்றால், வெளிச்சம் மேலிருந்துதானே வருகிறது? மேல்பரப்பு முதலில் இறுகுகிறது, அடிப்பகுதி இளகியே கிடக்கிறது. கழுவினால் அடி கரைந்து, மேலே இறுகியதும் சேர்ந்து உரிந்துவிடும். அடர்ந்த கருப்பு தப்பிக்கும். இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் காலி. 1864இல் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வான் படலத்தை வேறொரு காகிதத்தில் கவிழ்த்து ஒட்டி, பின்பக்கமிருந்து கழுவி இதைச் சமாளித்தார்.

நீங்கள் கவிழ்க்கவே இல்லை. பூசிய காகிதத்திலேயே, மரத்தூள் கலந்த தண்ணீரை மேலே ஊற்றி ஊற்றிக் கழுவினீர்கள். சாம்பல் நிறங்கள் அப்படியே நின்றன! (உங்கள் நாட்டவரான ஆர்த்தீக் உங்களுக்கு முன்பே இந்த வழியில் போனவர்தான்.) மரத்தூள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காகிதத்தின் மேல் என்ன பூசினீர்கள், எந்த வரிசையில், எப்படி உலர்த்தினீர்கள் என்று கேட்டால்தான் கதவு சாத்திக்கொள்கிறது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உங்கள் நாட்டுப் புகைப்பட முன்னோடி டாகேர் 1839இல் ஆண்டுக்கு 6,000 ஃபிராங்க் ஓய்வூதியத்துக்குத் தன் முறையைப் பொதுவில் வைத்தாரே. (சில நாள் முன்னதாக இங்கிலாந்தில் மட்டும் காப்புரிமை வாங்கிக்கொண்டார், அது வேறு கதை.) ஆனால் யோசித்துப் பார்த்தால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காப்புரிமை எடுத்திருந்தால் செய்முறையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் அது காலாவதியும் ஆகியிருக்கும். ஆலைகள் தயாரித்த கரி அச்சுக் காகிதங்கள் விற்பனை படுத்ததும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஆனால் உங்கள் மகன் பியேர் 1950களில் இதையே நான்கு வண்ணத்துக்குக் கொண்டுபோனார். ஒரே காகிதத்தில் நான்கு முறை பூச்சு, நான்கு முறை கழுவல். பெர்னார் ப்ளோசு போன்ற புகைப்படக் கலைஞர்கள் பாரிஸ் அருகே சாவினி-சூர்-ஓர்ஜில் இருக்கும் உங்கள் குடும்பப் பட்டறையைத் தேடி வந்தது அதற்காகத்தான். ரகசியம் குடும்பத்துக்குச் சோறு போட்டது, குடும்பம் முறையைக் காப்பாற்றியது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு குறை. அந்த அச்சுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்றில் ஈரம் ஏறினாலோ படலம் விரிசல் விட்டாலோ, சரிசெய்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஜெலட்டினா, பசையா, அடியில் வேறு பூச்சு உண்டா?

வழி உங்கள் ஊரிலேயே இருந்தது. கவிஞரும் கண்டுபிடிப்பாளருமான ஷார்ல் க்ரோ 1867இல் தன் வண்ணப்பட யோசனையை முத்திரையிட்ட உறையில் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். 1876இல்தான் அது பிரிக்கப்பட்டது. அதுபோல ஓர் உறை போதும். எப்போது பிரிப்பது என்பதை உங்கள் சந்ததியினரே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அச்சுகளின் ரசிகன்