வேளா மீனும் கரிப்பூட்டையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரும்பின் கரிப்பூட்டை நோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை டர்பனில் இருந்தபடி படித்தேன். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை முதன்முதலாகப் பதிவானது 1877இல், 1860 முதல் எங்கள் முன்னோர் கரும்பு வெட்ட வந்து சேர்ந்த இந்த நேட்டாலில்தான். இதே கரையில் காணாமற்போன திருக்கை ஒன்றையும் அதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அது வேளா மீன். வாள் போன்ற கொம்பைக் கண்டு பலரும் அதைச் சுறா என்பார்கள். ஆனால் செவுள் பிளவுகள் உடலின் அடிப்பக்கத்தில் இருப்பதால் அது திருக்கை இனமே. நேட்டாலின் வடகரையிலுள்ள செயின்ட் லூசியா கழிமுகத்தில் அதன் குட்டிகள் வளர்ந்தன. தென்னாப்பிரிக்காவில் அது உறுதியாகக் காணப்பட்ட கடைசி ஆண்டு 1999.

கரிப்பூட்டையோ, கரும்பின் குருத்திலிருந்து கறுத்த சாட்டையாக நீண்டு, மேல்தோல் கிழிந்ததும் கோடிக்கணக்கான வித்துகளைக் காற்றில் விடுவது. அதனால்தான் சாட்டையின் மேல் பையைக் கவிழ்த்துத் தூரோடு தோண்டி எரிக்கிறார்கள். நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டான விதைக்கரணையை வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் போராடியும் அது ஒழியவில்லை. வேளாவை ஒழிக்க எவரும் நினைத்ததில்லை. ஆயினும் ஓர் ஈற்றில் சில குட்டிகளே ஈனுகிற, கொம்பின் பற்களால் எந்த வலையிலும் எளிதில் சிக்கிக்கொள்கிற அந்த மீனுக்கு, மீன்பிடி வலைகளும், கடலில் குளிப்பவர்களைக் காக்க 1952 முதல் டர்பன் கரையில் கட்டிய சுறா வலைகளும், கழிமுகங்களின் சீர்கேடும் எமனாயின. நோய் வருமானத்தைத் தின்றதால் வயல் வயலாகக் கணக்கெடுத்தோம். மீனுக்கு அப்படியொரு கணக்கை உரிய காலத்தில் வைக்கவில்லை என்பதே என் ஆற்றாமை.

என் பாட்டனார் டர்பன் விரிகுடாவில் கரைவலை இழுத்தவர். சுறாவின் கொம்பை நட்டு வணங்கிய நெய்தல் மரபின் நினைவோ என்னவோ, வேளாக்கொம்பு ஒன்றை வாசல் நிலைக்கு மேல் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தடவுவார். அது இன்று என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்கு 19 பற்கள், நுனிப் பற்கள் இரண்டும் மழுங்கியவை. எந்த ஆண்டு, எந்த இடத்தில் கிடைத்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

பற்களின் எண்ணிக்கை இனத்தை அறிய உதவும். உலர்ந்த திசுவிலிருந்து மரபணுவையும் எடுக்கலாம். ஆகவே வீட்டில் இத்தகைய கொம்பு வைத்திருக்கும் வாசகர்கள், இங்கும் மன்னார் வளைகுடாக் கரையூர்களிலும், அதை விற்றுவிடாமல், நீளத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் பெரியவர்கள் சொன்ன இடத்தையும் எழுதி, அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் காட்டுமாறு தங்கள் நாளிதழ் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர் ஒருவர்
தென்னாப்பிரிக்கா