துப்பாக்கிச் சூட்டுத் துகள் மாதிரி எடுக்கும் முறை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
வழக்கறிஞர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் கைகளிலிருந்து துகள் மாதிரி எடுப்பது – காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். துப்பாக்கி சுடும்போது தோட்டாவின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் கலவையில்) உள்ள ஈயம், பேரியம், ஆண்டிமனி ஆகியவை கடும் வெப்பத்தில் ஆவியாகிக் குளிர்ந்து, பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் சிறிய உருண்டைத் துகள்களாகச் சுட்டவர் கையில் படிகின்றன. எக்ஸ்ரே பகுப்பாய்வு வசதியுள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இம்மூன்றும் ஒரே துகளில் சேர்ந்திருந்தால்தான் ஆய்வாளர்கள் அதைச் சூட்டுக்கே உரிய துகள் என்கின்றனர்.

அத்துகள் கையில் சில மணி நேரத்துக்கு மேல் நிலைப்பது அரிது. கை கழுவினாலோ உடையில் துடைத்தாலோ அதற்கு முன்பே போய்விடும். நான் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பில் ஆஜரான வழக்கொன்றில், விரல் ரேகை பதிந்து, உணவும் கொடுத்த பின், மறுநாள்தான் மாதிரி எடுத்திருந்தார்கள். துகள் இல்லை என்று வந்த அந்த அறிக்கை அரசுத் தரப்புக்கும் உதவவில்லை, எங்களுக்கும் உதவவில்லை. ஏனெனில் துகள் இல்லாததால் சுடவில்லை என்று ஆகிவிடாது. அதேபோல், துகள் இருந்தாலும் அவர் அருகில் நின்றிருக்கலாம், அல்லது துப்பாக்கி ஏந்திய காவலரின் கையிலிருந்தோ காவல் வாகனத்தின் இருக்கையிலிருந்தோ அது ஒட்டியிருக்கலாம்.

நமது மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரையூர், திருமங்கலம் பக்கமிருந்து பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்வோரின் கைகளில் பேரியமோ ஆண்டிமனியோ இருப்பது இயல்பு. வாகன பிரேக் தேய்மானத் தூளிலும் இவை உண்டு. மூன்றும் ஒரே துகளில் அமைவது அரிதென்றாலும், எதிரியின் தொழில் இன்னதென்று தெரியாமல் ஆய்வகம் அறிக்கையை எடைபோட இயலாது. கரிமருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியில் துகளின் சேர்மானமே மாறுபடும் என்பதால், கைப்பற்றிய மருந்தையும் அதைப் பற்றவைக்கும் ‘கேப்’ எனும் சிறு மூடியையும் ஒப்பீட்டுக்காக உடன் அனுப்புவது அவசியம்.

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடம் வர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 176(3) கூறுகிறது. வல்லுநர் வந்து சேரும் வரையிலாவது பிடிபட்டவரின் கைகளைக் காகித உறையிட்டுக் காக்கவும், விரல் ரேகை பதியும் முன்பே, துப்பாக்கியைத் தொடாத ஒருவர் கையுறை அணிந்து, கார்பன் ஒட்டுப் பட்டை பதித்த வட்டுகளில் வலக்கை, இடக்கை எனத் தனித்தனியாக மாதிரி எடுக்கவும், பயன்படுத்தாத வட்டு ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அனுப்பவும், மாதிரி எடுத்த நேரத்தையும் எதிரியின் தொழிலையும் மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணத்தில்) எழுதவும் அனைத்துக் காவல் நிலையங்களுக்கும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்