வலிப்பு மாத்திரை மட்டும் ஏன் போதாது

அன்புள்ள கண்ணா,

நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் எதிரில் எல்லாவற்றையும் பேச மனம் வரவில்லை. "வலிப்புதானேம்மா, அதற்கு உள்ள மாத்திரையைக் கொடுத்தால் போதாதா, இந்த வயதில் எதற்கு இவ்வளவு ஸ்டீராய்டு?" என்று கேட்டாய். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தூக்கம் கெடும் என்று நீ சொன்னதெல்லாம் உண்மை. ஆனாலும் அதை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் பேசாதே. ஏன் என்று பொறுமையாக எழுதுகிறேன், நீயும் பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு வந்திருப்பது மூளை அழற்சி. கிருமியால் வந்ததில்லை, யாருக்கும் தொற்றவும் தொற்றாது. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூளையில் இருக்கும் எல்ஜிஐ1 என்ற புரதத்தை எதிரியாக நினைத்து, அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிட்டது. நாம் பார்க்கும் வலிப்பு அதனால் வருவது.

வீடியோவில் நீயே பார்த்தாய். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை வெடுக்கென்று மடங்கும், அந்தப் பக்கத்து முகமும் ஓர் இழுப்பு இழுக்கும், என்ன ஏது என்று கேட்பதற்குள் சரியாகிவிடும். இரண்டு மூன்று விநாடிகூட இருக்காது. ஆனால் ஒரே நாளில் திரும்பத் திரும்ப வரும், கையில் எது இருந்தாலும் நழுவி விழும். பார்த்தவர்கள் நரம்புத் தளர்ச்சி என்றார்கள், மனப்பதற்றம் என்றார்கள். மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்தபோதும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை இழுப்பு பலருக்கு இஇஜியில் பதிவாகாது என்பதை நரம்பியல் டாக்டர் பிறகுதான் விளக்கினார். ரத்தத்தில் சோடியம் காரணமே இல்லாமல் குறைந்துகொண்டு வந்தது அவர் கண்ணில் பட்டது. 50 வயது தாண்டியவருக்கு முகமும் கையும் சேர்ந்து இழுத்து, சோடியமும் குறைந்து, நேற்று நடந்தது இன்று மறந்துபோகிறது என்றால் இந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். 2010க்கு முன்பு இது நரம்பணுக்களில் இருக்கும் பொட்டாசியம் வாய்க்கால்களைத் தாக்கும் ஆன்டிபாடி என்றுதான் மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது. எல்ஜிஐ1தான் உண்மையான இலக்கு என்று அந்த ஆண்டில்தான் தெரிந்தது. அப்பாவுக்கு இது இப்போது வந்ததை நினைத்து நான் எத்தனையோ முறை ஆறுதல் அடைந்திருக்கிறேன்.

சரி, ஒரு புரதம் கெட்டால் வலிப்பு ஏன் வர வேண்டும்? நரம்பணுக்கள் மின்துடிப்பால் பேசிக்கொள்கின்றன. துடிப்பு கிளம்பினால் மட்டும் போதாது, உரிய நேரத்தில் அடங்கவும் வேண்டும். அடக்கும் பிரேக்காக இருப்பவை பொட்டாசியம் வாய்க்கால்கள். இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சின்ன இடைவெளியில் எல்ஜிஐ1 நிற்கிறது. அங்கிருந்து ஏடிஏஎம்22, ஏடிஏஎம்23 என்ற இரண்டு புரதங்களை இரு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. ஆன்டிபாடி வந்து அந்தப் பிடியைத் தளர்த்தினால் வாய்க்கால்கள் குறைகின்றன, பிரேக் பிடிக்காமல் போகிறது. ஒரு கூட்டம் அணுக்கள் அடங்காமல் ஒன்றாகத் துடிக்கத் தொடங்குகின்றன. அதுதான் வலிப்பு. இந்தப் புரதம் நிறைய இருக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. புதிய ஞாபகங்கள் உருவாவது அங்கேதான். அப்பாவுக்கு மறதியும் இழுப்பும் சேர்ந்தே வந்ததற்குக் காரணம் அதுதான்.

"எனக்கும் வருமா?" என்று நீ கேட்கவில்லை. ஆனால் உன் மனதில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்ஜிஐ1 மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்து, தலைமுறை தலைமுறையாக வலிப்பு வரும் குடும்பங்கள் உண்டு. 2002ல் அதைக் கண்டுபிடித்தார்கள். வலிப்பு வருவதற்கு முன் காதில் ஏதோ ஒலி கேட்பது அந்த வகையின் அடையாளம். அப்பாவுக்கு இருப்பது அது இல்லை. அவருடைய மரபணு நன்றாகத்தான் இருக்கிறது, அது செய்யும் புரதத்தைத்தான் ஆன்டிபாடி தாக்குகிறது. சில மரபுக் கூறுகள் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் அவை உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல்தான் வாழ்கிறார்கள். இதை நினைத்து நீ தூக்கம் கெடுத்துக்கொள்ளாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வலிப்பு மாத்திரை துடிப்பைத் தணிக்கப் பார்க்கும். ஆன்டிபாடியை அது தொடாது. அதைத் தயாரிக்கும் நோய் எதிர்ப்பையே அடக்குவது ஸ்டீராய்டு. அப்பாவுக்கு முதலில் ஒரு மாத்திரை, அப்புறம் அதோடு இன்னொன்று என்று கொடுத்துப் பார்த்தார்கள், இழுப்பு நிற்கவில்லை. ஸ்டீராய்டு ஏறிய பிறகுதான் நின்றது. இது அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்லை. இதே இழுப்பு வந்த 103 பேரைப் பற்றி 2018ல் ஓர் ஆய்வு வந்தது. வலிப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 30 நாளுக்குள் இழுப்பு நின்றது சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான். நோய் எதிர்ப்பை அடக்கும் சிகிச்சை சேர்ந்ததும் அது ஏறக்குறைய பாதிப் பேருக்கு நின்றது. அதைவிட முக்கியமாக, மறதியும் குழப்பமும் தொடங்குவதற்கு முன்பே இழுப்பு நின்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் வராமலே போயிருக்கிறது. அழற்சி நீண்டால் ஹிப்போகாம்பஸ் சுருங்கிவிடும், சுருங்கியதை மீட்க மருந்து கிடையாது. நான் பயப்படுவது அதற்குத்தான். ஏறிய சர்க்கரையை இறக்க வழி இருக்கிறது. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கிறோம்.

முதலில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 1 கிராம், 5 நாள் ஊசி வழியாக ஏற்றினார்கள். இப்போது மாத்திரையாக, மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, நோயும் திரும்பலாம். திரும்பினால் வேறு மருந்துகள் உண்டு, இம்யூனோகுளோபுலின் இருக்கிறது, ரிட்டக்சிமாப் இருக்கிறது, வழி அடைந்துபோகாது.

மூளை அழற்சியோடு உடம்பில் கட்டியும் இருக்கலாம் என்று நீ படித்துப் பயந்த விஷயம் பெரும்பாலும் இந்த அழற்சியின் வேறு வகைகளைச் சேர்ந்தது. 2007ல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த என்எம்டிஏ வகை இளம் பெண்களுக்கு அதிகம் வரும், சிலருக்குச் சூலகத்தில் கட்டி இருக்கும். மனநோய் மாதிரித் தொடங்குவதால் எத்தனையோ பிள்ளைகளைத் தவறான வார்டில் சேர்த்திருக்கிறார்கள், நினைத்தாலே வயிறு எரிகிறது. காபா-பி வகையில் பாதிப் பேருக்கு நுரையீரலில் புற்றுநோய் இருக்கும். அப்பாவின் வகையில் கட்டி அரிது. ஆனாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை.

இனி அவர் வாழ்நாள் முழுக்க வலிப்பு நோயாளியா என்றால், அப்படி முத்திரை குத்தக் கூடாது. அழற்சி நடக்கும் காலத்தில் வரும் வலிப்பு வேறு, அது ஆறிய பிறகும் தழும்பால் தொடரும் வலிப்பு நோய் வேறு என்று வலிப்பு நோய்க்கான உலகளாவிய மருத்துவர் அமைப்பு 2020லேயே பிரித்துச் சொல்லிவிட்டது. இந்த ஆன்டிபாடி உள்ள பெரும்பாலானவர்களுக்கு அழற்சி அடங்கினால் வலிப்பும் நின்றுவிடுகிறது. மாத்திரையைப் பின்னால் குறைக்கவும் முடியலாம். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இதில் வருத்தம் அதிகம், நீயும் கொஞ்சம் எடுத்துச் சொல்.

அவர் உன்னிடம் எரிந்து விழுந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. லெவெடிராசிடம் என்ற வலிப்பு மாத்திரை சிலரைச் சிடுசிடுக்க வைக்கும், ஸ்டீராய்டும் அப்படித்தான். டாக்டரிடம் சொல்லிவிட்டேன், மாத்திரையை மாற்றலாமா என்று பார்க்கிறார். அப்புறம், பேசும்போது "நேற்று என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதே. நீதான் சோதிக்கிறாய் என்று அவருக்கு உடனே புரிந்துவிடுகிறது, அப்புறம் அன்று முழுவதும் பேசமாட்டார். பழைய கதைகளைப் பேசு, அவை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

நீ இங்கே இருக்கும்போது பெரிய வலிப்பு வந்தால் பதறாதே. ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கை கால்களை அழுத்திப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பார். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

வரும் தேதி முடிவானதும் சொல். டாக்டரைப் பார்க்கும் நாளை அதற்கேற்ப வாங்கி வைக்கிறேன். ஸ்டீராய்டை எவ்வளவு நாளில் குறைப்பார்கள், ஆன்டிபாடி பரிசோதனையை மறுபடி எப்போது எடுப்பார்கள் என்று நீயே நேரில் கேள். மற்ற கேள்விகளையும் எழுதி எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா